அக்கா மிக்ஸ்

நீ தேடிக்கிட்டு வந்த அஞ்சலாட்சி அக்கா நான்தாம்மா. செருப்ப வெளியவே வுட்டுட்டு வா. பாத்து, பாத்து! அந்தப் பலகையில இருக்கறது பூரா ஈரம். தசாவதாரம் செட்டு. உன் துப்பட்டா பட்டுதுன்னா நரசிம்மருக்கு மூஞ்சி போயிடும். இந்த ஸ்டூல்ல உக்காரு.

மெட்ராஸா? வீடியோ பாத்துட்டுத்தானே வந்த? எல்லாரும் அதப் பாத்துட்டுத்தான் வராங்க. போன வாரம் சேலத்துலேருந்து ஒரு பொண்ணு. அதுக்கு முன்னாடி காலேஜு பசங்க. வந்து நின்ன ஒடனே எல்லாருக்கும் ஒரே கேள்வி. "அக்கா மிக்ஸ்னா என்னா, எத்தினி சொட்டு, எந்த பாட்டிலு?" நீயும் ஏர்பிரஷ் வாங்கி வச்சிருக்க, அடிச்சா புள்ளி புள்ளியாத் துப்புதுன்ற. சொல்றேன். அளவு சொல்லாம உன்ன அனுப்ப மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி, அந்த வீடியோவுல சிரிச்சிக்கிட்டே பேசறாளே ஒருத்தி, அவ யாருன்னு தெரிஞ்சுக்க. புஷ்பலதா. எங்க கொழுந்தன் பொண்டாட்டி, என் ஓரகத்தி. பக்கத்து வூடுதான். நீ வரும்போது பச்சைக் கதவு போட்ட வூடு ஒண்ணு பாத்திருப்பியே, அதுதான்.

இந்தத் தெருவுல மொத மொதல்ல ஏர்பிரஷ் புடிச்சவ நான். பண்ருட்டிப் பக்கம் பொம்மை பண்றவங்க யார வேணா கேளு. மத்தவங்க எல்லாம் பிரஷ்ஷாலதான் கொலு பொம்மைக்கு வர்ணம் அடிச்சிக்கிட்டு இருந்தாங்க. எங்க அண்ணன் பாண்டிச்சேரியில பைக்கு டேங்குல புலி, கழுகுன்னு படம் போடறவரு. அவரு புதுசு வாங்கனப்ப பழச எனக்குக் குடுத்தாரு. ஒரு கம்ப்ரசரு, ஒரு ட்யூப்பு, பேனாவாட்டம் ஒரு ஏர்பிரஷ்ஷு, அது தலையில ஒரு சின்ன கப்பு, நுனியில ஊசி. குடுத்தாரே தவிர எப்டின்னு சொல்லல. அவரு அடிக்கறது வண்டிக்கு அடிக்கற பெயிண்டு. நம்மது அக்ரிலிக்கு. ரெண்டும் வேற வேற.

அக்ரிலிக்கு டப்பாவுல தயிராட்டம் கெட்டியா இருக்கும். அப்டியே ஊத்தினா வராது, ஊசி வழியா வரணும் இல்ல? சரின்னு தண்ணி ஊத்துனேன். வந்துது. இன்னும் ஊத்துனேன், இன்னும் நல்லா வந்துது. அட, இவ்ளோதானா வேலைன்னு கிருஷ்ணரு செட்டு பூரா அடிச்சுத் தள்ளிட்டேன். அதுல என்னா ஆவுதுன்னா, தண்ணி கூடிப்போச்சுன்னா பெயிண்டுல இருக்கற பசை செத்துடும். காஞ்ச பின்னாடி வெறும் கலரு பவுடருதான் ஒட்டிக்கிட்டு நிக்கும். வாங்கிட்டுப் போன அம்மா கிருஷ்ணர இடுப்புல வச்சு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. பொடவையெல்லாம் நீலம். திரும்பக் கொண்டாந்து நடுத்தெருவுல நின்னு கத்துனாங்க. எங்க வூட்டுக்காரரு கம்ப்ரசரத் தூக்கிக் கெணத்துல போடறேன்னாரு. அந்த அவமானத்துல கத்துக்கிட்டதும்மா என் வேலை.

அப்பறம் ஒண்ணொண்ணா கண்டுபுடிச்சேன். கொழாத் தண்ணி ஆவாது, உப்பு. பேட்டரிக்கு ஊத்தற தண்ணிதான் சரி, பஞ்சர் கடையில கெடைக்கும். வெறும் தண்ணியும் போதாது. ஏர்பிரஷ் மீடியம்னு வெள்ளையா ஒரு பாட்டிலு வருது, அதயும் சேத்தா பசை சாவாம பெயிண்டு எளகும். ஃப்ளோன்னு இன்னொரு மருந்து, பெயிண்டு முத்து முத்தா நிக்காம பரவறதுக்கு. அத வாங்கறதுக்கு முன்னாடி பாத்திரம் வெளக்கற சோப்ப ஒரு சொட்டு வுட்டுப் பாத்தேன். நொரை வந்து மகாலட்சுமி மூஞ்சி பூரா பொத்தலு, அம்மை போட்டாப்ல! இன்னொன்னு ரிடார்டரு. அது பெயிண்டு சீக்கிரம் காயாம இழுத்துப் புடிக்கற மருந்து. நீ துப்புதுன்றியே, அது ஊசி நுனியில பெயிண்டு காஞ்சு அடைக்கறதாலதான். அதுக்கு ரிடார்டரு வேணும். ஆனா சொட்டுக் கணக்கு. கூடுச்சுன்னா காயவே காயாது, பிசுபிசுன்னு கெடக்கும்.

எல்லாத்தயும் கலக்கிட்டு பழைய நைலக்ஸ் பொடவைத் துணியில வடிகட்டணும். கப்பு ஓரத்துல வழிய வுட்டுப் பாக்கணும். டம்ளரச் சாச்சா பால் வழிஞ்சு மெல்லிசா ஒரு படலம் வுட்டுட்டுப் போவுதில்ல? அந்தப் பதம். பால் பதம்னு அதுக்குப் பேரு வச்சதே நான்தான். இத நல்லா மனசுல வச்சுக்க, சண்டையே இதுக்குத்தான்.

புஷ்பலதா கல்யாணம் ஆகி வந்தப்ப அவளுக்குப் பொம்மையப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. வளையக் கடைக்காரர் பொண்ணு. "அக்கா, அக்கா"ன்னு என் முந்தானையப் புடிச்சிக்கிட்டே அலைவா. சொல்லிக் குடுத்தேன். எனக்கு வஞ்சனை தெரியாது பாரு. பாகம் பிரிச்சு அவங்க அந்த வூட்டுக்குப் போன பின்னாடியும் சொல்லிக் குடுத்தேன். மூக்கு ஓரத்துல நெழலு எப்டி, கன்னத்துல சிவப்பு எப்டி, காத்த எவ்ளோ வைக்கணும், எல்லாம். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு, "எல்லாத்தயும் வாரிக் குடுக்காத அஞ்சலை"ன்னு. நான்தான் கேக்கல.

அப்ப எங்க தாய்மாமனுக்குக் கருமாதின்னு நான் நெய்வேலி போயிருந்தேன். அன்னிக்குன்னு பாத்து ஒருத்தன் கேமராவத் தூக்கிக்கிட்டு வந்திருக்கான். பொம்மை பண்றத வீடியோ எடுக்கறவன். என் வூடு பூட்டியிருக்கு, நேரா அவகிட்டப் போயிட்டான். அந்த வீடியோவ நீ பாத்திருக்க மாட்ட, அது மொத வீடியோ. அதுல நிக்கறா, நல்ல பொடவை கட்டிக்கிட்டு. "தண்ணி மட்டும் ஊத்தக் கூடாதுங்க, பசை செத்துப்போவும். பால் பதம் வரணுங்க." என் வாயிலேருந்து வந்த பேச்சு! டம்ளரச் சாச்சுக் காட்டறா பாரு, அந்தக் கையாட்டம் கூட என்னுது. கடைசி வரைக்கும் பாத்தேன். அஞ்சலாட்சின்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். அக்கான்னு ஒரு வார்த்தை? அதுவும் இல்ல.

கேட்டேன். நேராப் போய்க் கேட்டேன். "ஐயோ அக்கா, நான் உங்க பேர ரெண்டு மூணு தடவ சொன்னேங்க்கா, அவங்க வெட்டிட்டாங்க"ன்றா. வெட்டிட்டாங்களாம்! அவ சிரிச்சத வெட்டல, அவ பொடவைய வெட்டல, என் பேர மட்டும் கத்திரி வச்சு எடுத்துட்டாங்களாம். இத நம்பறதுக்கு நான் என்னா கேனச்சியா?

அப்பகூட நான் கம்முனு இருந்திருப்பேன். மாரியாத்தா கோயில்ல கூழு ஊத்தறாங்க, எல்லா பொம்பளைங்களும் இருக்காங்க. கீழத்தெரு வேதவல்லி, அவளும் பொம்மைக்காரிதான், என் கையில கூழு சொம்ப வாங்கிக்கிட்டே சொல்றா, "ஏன் அஞ்சலை, உன் ஓரகத்தி அருமையா அடிக்கறாளே, நீயும் அவகிட்ட கத்துக்கலாம் இல்ல?" நான்! அவகிட்ட! கத்துக்கறதாம்! சுத்தி நின்னவளுங்க எல்லாம் தலைய ஆட்டறாளுங்க. வவுறு எரிஞ்சுது, இப்பச் சொல்றப்பவும் எரியுது. மாரியாத்தா முன்னாடி நின்னு வேண்டிக்கிட்டேன். தாயே, எனக்கு ஒண்ணும் வேணாம், இவ மூஞ்சியில கரி பூசு, அத நான் கண்ணால பாக்கணும். பொம்மைங்க மூஞ்சியிலதானே பேரு வாங்குனா, அந்த மூஞ்சியிலயே அவ நாசமாப் போவணும்.

காத்திருந்தேம்மா. மனசுல இருக்கறத மூஞ்சியில காட்டிக்கல. "என்னா புஷ்பா, சாப்டியா"ன்னு சிரிச்சிக்கிட்டே காத்திருந்தேன். அடுத்த வருஷம் ஆடிக் காத்து, வரட்டுக் காத்து, எத அடிச்சாலும் ஊசியில ஒடனே காயுது. வந்தா. வருவான்னு தெரியும். மெட்ராஸ்ல ஒரு பெரிய கடைக்குக் கல்யாண ஊர்வலம் செட்டு ஒத்துக்கிட்டிருந்தா. மாப்பிள்ளை, பொண்ணு, மேளக்காரங்க, தட்டு தூக்கிக்கிட்டு வர பொம்பளைங்க, வூடு பூரா மூஞ்சிங்க. "அக்கா, நெழலுக் கலரு வைக்கறேன், ரெண்டு மூஞ்சிக்கு ஒரு தடவ அடைக்குது. என்னாக்கா பண்றது?"

அடுப்புல கொழம்பு கொதிக்குது, அதப் பாக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். சிரிப்பு வந்துடும்னு பயம். "ரிடார்டர ஏத்து புஷ்பா"ன்னேன். "எவ்ளோக்கா?" சொட்டுக் கணக்குல போடறத ஸ்பூன் கணக்குல சொன்னேன். அவளுக்கே ஒரு மாதிரி இருந்துது. "அவ்ளோவாக்கா?"ன்றா. "இந்தக் காத்துக்கு அவ்ளோ வேணும், நான் என்னா உனக்குத் தப்பாவா சொல்லுவேன்?"ன்னேன். போயிட்டா. அன்னிக்கு மத்தியானம் ஒரு வாய் சோறு அதிகமாவே தின்னேன்.

அடிச்சா. ஒரு தடவ கூட அடைக்கல, ஜம்முனு வந்துது போல. எல்லா மூஞ்சிக்கும் அந்தக் காவி நெழலுக் கலர அடிச்சு வரிசையா வச்சுட்டா. மறுநாளு காயல. அதுக்கு மறுநாளும் காயல. வெயில்ல வச்சா, ஃபேனு கீழ வச்சா, தொட்டா விரலு ஒட்டுது. நான் துணி காயப் போடற சாக்குல மாடிக்குப் போய் அவ கொல்லையப் பாத்தேன். ஆடிக் காத்து சும்மா இருக்குமா? தூசு, தும்பு, வேப்பஞ்சருகு, எல்லாம் அந்த மூஞ்சிங்கள்லதான். மாப்பிள்ளைக்கு மீசை மேல கோழி எறகு ஒட்டி இன்னொரு மீசை! நாயனக்காரருக்கு நெத்தியில எறும்பு ஊந்து அங்கயே நின்னுட்டுது. கொழுந்தன் கலியபெருமாளு கத்தற கத்து தெருக்கோடி வரைக்கும் கேக்குது. மாடிச் சொவத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன். தாயே, குடுத்துட்டியேன்னு கையெடுத்துக் கும்புட்டேன்.

சாயங்காலம் அழுதுகிட்டே வந்தா. "அக்கா, நான்தான் ஏதோ தப்பா அளந்துட்டேங்க்கா. நீங்க சொன்னத நான்தான் சரியாக் கேட்டுக்கல." என்ன ஒரு வார்த்தை குத்தம் சொல்லலம்மா. அப்ப கூட என்னச் சொல்லல. எனக்கு அது புடிக்கல. நீதான்டி பண்ணன்னு என் கொண்டையப் புடிச்சு இழுத்திருந்தான்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நான் சொன்னேன், "வீடியோவுல நின்னாப் போதுமா? வேலை தெரியணும். போ, ஈரத்துணி எடுத்து எல்லாத்தயும் தொடைச்சுப் போட்டுட்டு மொதலேர்ந்து அடி." வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "தொடைக்கலாமாக்கா?"ன்னு கேட்டா. "தொடைடி!"ன்னு கத்துனேன்.

தொடைச்சா.

அங்கதான் மாரியாத்தா என்ன ஏமாத்திட்டா. அடியில இருந்த ஒடம்புக் கலரு நல்லாக் காஞ்சு கெட்டியா இருந்துது, அதுக்கு ஒண்ணும் ஆவல. மேல இருந்த ஈரம் மட்டும் துணியில வந்துது. நெத்தி, மூக்குத் தண்டு, கன்ன மேடு, எல்லாம் சுத்தமா ஆயிடுச்சு. கண்ணுக் குழியில, மூக்கு ஓரத்துல, ஒதட்டுக்குக் கீழ, துணி போவாத எடத்துல எல்லாம் காவி லேசாத் தங்கிடுச்சு. தங்குனது மெல்லிசா இருந்ததால காஞ்சும் போச்சு. மூஞ்சிங்க எல்லாம் உசுரோட பாக்குது. பொண்ணு பொம்மை அழப் போறாப்ல இருக்கு. தட்டுக்காரிங்களுக்கு ஒருத்திக்கு ஒருத்தி வேற வேற வயசு. அவ தொடைக்கத் தொடைக்க அதக் கண்டுபுடிச்சு, அழுகைய நிறுத்திட்டு, பஞ்சு எடுத்து நிதானமாத் தொடைச்சிருக்கா. காலையில என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டுனா. "பாருங்க்கா, நீங்க சொன்னது எதுக்குன்னு இப்பத்தான் புரிஞ்சுது!"

எனக்கு எப்டி இருந்திருக்கும்? சொல்லு. அந்த மூஞ்சிங்க எல்லாம் என்னப் பாக்குது. எத்தினி வருஷமா ஊசி மொனையில மூச்சப் புடிச்சிக்கிட்டு அடிச்சாலும் என் மூஞ்சிங்க அப்டி பாத்ததில்ல. நல்லாத்தான் இருந்துது. நல்லாத்தான் இருந்துதுன்றதுதான் என் வவுத்தெரிச்சலே.

மெட்ராஸ் கடைக்காரரு பாத்துட்டு அசந்துட்டாராம். திரும்ப அந்தக் கேமராக்காரன் வந்தான். அதுதான் நீ பாத்த வீடியோ. இந்தத் தடவ அவ அவன்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் பேசுனாளாம், அக்கா பேர வெட்டக் கூடாதுன்னு. நீதான் பாத்தியே. "இது என் கண்டுபிடிப்பு இல்லங்க. எங்க ஓரகத்தி அஞ்சலாட்சி அக்கா சொல்லிக் குடுத்தது. ரிடார்டர நல்லா ஏத்தி அடிச்சு, ஈரத்தோட தொடைக்கணும். இதுக்கு நான் அக்கா மிக்ஸ்னு பேரு வச்சிருக்கேன்." சொல்லிட்டுக் கண்ணத் தொடைச்சிக்கறா! ஊரே என்னக் கூப்புட்டு வாழ்த்துது. வேதவல்லி வந்து, "அஞ்சலை, நீ பெரிய மனசுக்காரிடி"ன்றா.

எனக்கு வந்திருக்கற பேரப் பாத்தியா? உசுரக் குடுத்துக் கண்டுபுடிச்ச பால் பதத்துக்கு என் பேரு இல்ல. அவ நாசமாப் போவணும்னு சொன்னதுக்கு என் பேரு. இத நான் யாருகிட்டச் சொல்லுவேன்? இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னா அது பொய்யின்னு எனக்கே தெரியும். சிலசமயம் நெனைப்பேன், இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் இப்டி மரியாதை குடுத்தே என்னக் கொல்றா. பொங்கலுக்குப் பொடவை எடுத்துக் குடுக்கறா. எள்ளுக் கொழுக்கட்டை எனக்குப் புடிக்கும்னு கொண்டாந்து வைக்கறா. திட்டிக்கிட்டே தின்னேன், நல்லா இருந்துது.

ஆனா நான் வுடல. நீ என்னா நெனச்ச? போன வாரம் வந்தா, "அக்கா, வார்னிஷ்ஷு ரொம்பப் பளபளன்னு இருக்கு, மங்கலா வேணும்"னு. முகத்துக்குப் போடற பவுடர அள்ளி வார்னிஷ்ல கொட்டிக் கலக்குன்னு சொல்லியிருக்கேன். கட்டி கட்டியா நிக்கட்டும், வெள்ளையாப் பூத்துப் போவட்டும். இன்னும் ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும். நேத்து எட்டிப் பாத்தேன். வெல்வெட்டாட்டம் இருக்குன்னு அவ வூட்டுக்காரன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. காயட்டும், நல்லாக் காயட்டும், அப்பறம் பாரு.

சரி, அத வுடு. நீ தூரத்துலேருந்து வந்திருக்க. அளவு சொல்றேன், ஃபோன்ல எழுதிக்க. அக்கா மிக்ஸு இல்ல, அது கெடக்குது. என் சொந்த அளவு, பால் பதம். இந்தப் பலகையில இருக்கறதெல்லாம் அதுல அடிச்சதுதான், கிட்ட வந்து பாரு, எங்கயாவது ஒரு புள்ளி துப்பியிருக்கா? எழுது. பெயிண்டு ஒரு மூடி. பேட்டரித் தண்ணி அதுல பாதி. மீடியம் அதே பாதி. ஃப்ளோ ரெண்டு சொட்டு. ரிடார்டரு...

ஏம்மா நிறுத்திட்ட? எழுது. ரிடார்டரு ஒரே சொட்டு.

ஏன் அப்டிப் பாக்கற? உனக்கு நான் எதுக்குத் தப்பாச் சொல்லப் போறேன்? நீ எனக்கு என்னா கெடுதல் பண்ண? அவளுக்குச் சொன்னது வேற, அவ என்ன அவமானப்படுத்துனா. உன்ன எனக்கு யாருன்னே தெரியாது. ஏன் ஃபோன பைக்குள்ள வைக்கற?

எங்க எழுந்துட்ட? அவகிட்டயா? போ. போய்க் கேளு. அவ என்னா சொல்லுவா தெரியுமா? "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எல்லாம் அக்கா சொன்னதுதான், அவங்களையே கேளுங்க"ன்னுவா. வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டு என்னப் பாத்துச் சிரிச்சிட்டுப் போவா. அப்பவும் நீ இங்கதான் வந்து நிக்கணும்.

ஒரே சொட்டும்மா. சத்தியமா ஒரே சொட்டு. இத நான் இதுவரைக்கும் யாருக்கும் சரியாச் சொன்னதில்ல, உனக்குத்தான் சொல்றேன். நம்பிட்டுப் போயேன்.